பதின்மூன்று நிமிடம் முந்திய கடிகாரம்

மாரியாயியின் மேசைக்கு முன்னால் வந்து நின்ற ஜெயராஜ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மடித்த கடிதம் ஒன்றை எடுத்து அவளுடைய கீபோர்டின் மேல் வைத்தான்.

"மூணாவது லெட்டர்க்கா. வர்ற திங்கக்கிழமை விசாரணையாம். இந்த வாட்டி வார்னிங் எல்லாம் இல்ல, நேரா வீட்டுக்குத்தான்னு எச்.ஆர். வாணி மேடம் சொல்லிட்டாங்க."

அவன் அந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ரைடர். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையில் எடுக்கும் இரத்தக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கி, மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு, கிள்ளானில் இருக்கும் தலைமைக் கூடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வேலை. ஒரு நாளைக்கு மூன்று நடை. பெட்டியை எடுக்கும்போது அங்கே ஒருமுறை ஸ்கேன் செய்வார்கள், இறக்கும்போது இங்கே ஒருமுறை. இரண்டுக்கும் நடுவில் அறுபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டால் கணினி அந்த நடையைச் சிவப்பில் காட்டும். இந்த மாதத்தில் மட்டும் ஜெயராஜுக்குப் பத்தொன்பது சிவப்பு.

"பூச்சோங் ரைடர் லேட் இல்ல, சுங்கை பூலோ ரைடர் லேட் இல்ல, நீ மட்டும் வழியில எங்க தே தாரேக் குடிக்க நிக்கிறேன்னு கேக்குறாங்க. நான் தண்ணி குடிக்கக்கூட நிக்கிறதில்லக்கா. உங்க கம்ப்யூட்டர்தான் பொய் சொல்லுது."

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது தம்பி என்று போன வருடம் இதே மேசையில் உட்கார்ந்துகொண்டு அவள் சொல்லியிருந்தாள். இன்று அது வாயில் வரவில்லை.

"நீ போ. நான் பார்க்கிறேன்."

"போன வருஷமும் பார்க்கிறேன்னுதான் சொன்னீங்க" என்றான் ஜெயராஜ். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டதால் படியிறங்கிப் போய்விட்டான்.

மாரியாயிக்கு நாற்பத்தேழு வயது. நோயாளிகளின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தட்டச்சு செய்ய இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு இங்கே வந்து சேர்ந்தவள். அப்போது கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. அது நின்றுபோனால் ஒயரைப் பிடுங்கிச் சொருகுவதில் தொடங்கி, சனிக்கிழமை வகுப்புகளுக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, கடைசியில் நான்கு கிளைகளின் சர்வர்களையும் கவனிக்கிற ஆளாகிவிட்டாள். அவளுடைய பெயர் அட்டையில் ஐடி மேனேஜர் என்று இருக்கும். மேனேஜ் செய்ய அவளுக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஏர்கான் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

கிள்ளான் கணினிகள் எல்லாம் பதின்மூன்று நிமிடம் முன்னால் ஓடுவது அவளுக்குத் தெரியும். கிள்ளானில் வேலை செய்கிற எல்லோருக்குமே தெரியும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைப்பது இங்கே ஊர் வழக்கம். மாரியாயி வீட்டு ஹாலில் இருப்பது பத்து நிமிடம் கூடுதல், படுக்கையறையில் இருப்பது ஐந்து நிமிடம். பார்க்கிறவர்கள் மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். கூடத்திலும் அதே பழக்கம்தான். கூட்டம் மூன்று மணிக்கு என்றால், "ஊர் டைமா, லேப் டைமா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பதின்மூன்று நிமிடத்தைக் கூட்டி வைத்தவள் மாரியாயி.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, புதிய சர்வருக்குப் பூஜை. பெரிய பெட்டி, குளிர்பதனப் பெட்டியில் பாதி உயரம். முதலாளி கார்த்திகேசு ஒரு குருக்களை வரவழைத்திருந்தார். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், தட்டு நிறையக் கேசரி எல்லாம் இருந்தன. பொத்தானை அழுத்தித் தொடங்கி வைக்க ஷா ஆலமிலிருந்து ஒரு மருத்துவமனை டாக்டரை அழைத்திருந்தார்கள். அவர் பத்து மணிக்கே வந்திருக்க வேண்டியவர், வழியில் நெரிசலில் மாட்டிப் பதினொன்றரைக்கு வந்தார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். டாக்டரோ வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போக வேண்டும் என்று மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் காரின் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

கார்த்திகேசு மாரியாயியின் காதருகே குனிந்தார். "மெஷின்ல மணி பன்னிரண்டு ஒண்ணுன்னு வை."

"பாஸ்?"

"மெஷினுக்கு எது மணியோ அதை வெச்சுத்தான் மெஷினுக்கு ராகு காலம். சீக்கிரம் வை."

அவள் வைத்தாள். டாக்டர் பொத்தானை அழுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். கேசரி சாப்பிட்டு முடித்ததும், மணியைச் சரிசெய்துவிடுகிறேன் என்று அவள் போய் நின்றபோது கார்த்திகேசு விடவில்லை. "பொறந்த நேரத்தைப் போய் மாத்துவாங்களா? விடு" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். எல்லாக் கிளைகளும் கிள்ளானைப் பார்த்துத்தானே ஓடுகின்றன, எல்லாம் சேர்ந்து பதின்மூன்று நிமிடம் முந்தினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜெயராஜ் போன பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் கிளைக்குப் போன் செய்தாள். சிந்து எடுத்தாள். ஈரோட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து எட்டு மாதமாக அங்கே இரத்தம் எடுக்கிற பெண்.

"சிந்து, உங்க கம்ப்யூட்டர்ல இப்ப மணி என்ன?"

"பத்து முப்பத்தொண்ணு மேடம்."

மாரியாயியின் போனில் பத்து நாற்பது. மேசைக் கணினியில் பத்து ஐம்பத்து மூன்று.

"உன் போன்ல?"

"போன்ல பத்து நாப்பது. இது எப்பவுமே ஸ்லோதான் மேடம். நான் சேர்ந்தப்ப ஆறு நிமிஷம் இருந்துச்சு, இப்ப ஒன்பது ஆயிடுச்சு."

"அதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கிள்ளான்ல ஃபாஸ்ட்டா வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க. சரி, அங்க ஃபாஸ்ட்டு, இங்க ஸ்லோ, இந்த ஊர் பழக்கம் போலன்னு நெனச்சுட்டேன் மேடம்."

சிரிப்பு வரவேண்டிய இடம். மாரியாயி பேனாவை எடுத்து இரண்டையும் கூட்டினாள். ஒன்பதும் பதின்மூன்றும் இருபத்திரண்டு. ஜெயராஜ் நாற்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தால் கணினி அறுபத்திரண்டு என்று எழுதும். பூச்சோங்கும் சுங்கை பூலோவும் கிள்ளானைப் பார்த்து ஓடுவதால் அந்த ரைடர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய சர்வர் மட்டும், எப்போதோ கழற்றி வீசிய பழைய கிள்ளான் சர்வரிடம் மணி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பதில் வராமல் தன்பாட்டுக்கு ஓடி, ஒரு நாளைக்கு முக்கால் விநாடி வீதம் பின்தங்கியிருக்கிறது. புதிய பெட்டி வந்த நாளில் அந்தக் கிளையையும் மாற்றிவிட வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். எழுதியது எழுதியபடியே இருந்தது.

புதன்கிழமை காலையில் உட்கார்ந்தாள். இணையத்தில் சரியான நேரம் கொடுக்கிற சர்வர்கள் இருக்கின்றன. கிள்ளான் அவற்றிடம் கேட்க வேண்டும், மற்ற மூன்று கிளைகளும் கிள்ளானிடம் கேட்க வேண்டும். படிப்பதற்கு அரைப் பக்க வேலை. முதலில் ஆபத்தில்லாத ஒரு சர்வரில் செய்து பார்த்தாள். மணி சரியானது. தேநீர் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் மறுபடி பதின்மூன்று நிமிடம் முன்னால் நின்றது. மறுபடி செய்தாள். ஐந்து நிமிடம் சரியாக இருந்தது, ஆறாவது நிமிடத்தில் தாவியது. அமைப்பு முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். தாவியது. எதிரே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் கண் முன்னாலேயே தாவியது.

"சனியனே, யார் சொல்லி நீ மாத்துற?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். ஏர்கான் ரிமோட்டோடு வாசலில் நின்ற பெண் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டாள்.

மாலை நான்கு மணிக்குத்தான் பிடிபட்டது. கிள்ளானின் சர்வர்கள் எல்லாம் உண்மையில் அந்த ஒரே பெரிய பெட்டிக்குள் குடியிருக்கிறவை. வெளிப்பெட்டிக்குத் தனியாக ஒரு கடிகாரம் உண்டு. உள்ளே இருப்பவை எந்த மணி வைத்துக்கொண்டாலும் வெளிப்பெட்டி தன் மணியை அவற்றின் மேல் திணித்துவிடும். அந்தத் திணிப்பை நிறுத்த வேண்டுமென்றாலும், வெளிப்பெட்டியின் மணியை மாற்ற வேண்டுமென்றாலும், அதற்குள் நுழையத் தனிப் பாஸ்வேர்ட் வேண்டும். பூஜை முடிந்த கையோடு கார்த்திகேசு அதை மாற்றிவிட்டார், இப்போது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அவள் எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். நெற்றியில் குங்குமம் காய்ந்து கறுத்திருந்தது.

முதலாளி வெள்ளிக்கிழமைதான் பினாங்கிலிருந்து வருவார். அதுவரை சும்மா இருக்கவேண்டாம் என்று வியாழக்கிழமை கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனாள். பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். கேள்வி போனது, பதில் வரவில்லை. கிளைகளை இணைக்கும் லைனைக் கவனிக்கிற கம்பெனி நேரக் கேள்விகளை வழியில் தடுத்து வைத்திருந்தது. ஹாட்லைனில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் வந்தான்.

"டிக்கெட் ஓபன் பண்ணியாச்சு மேடம். த்ரீ வொர்க்கிங் டேஸ்."

"தம்பி, ஒரு கதவைத் திறந்துவிடணும். அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை."

"ரெண்டு நிமிஷ வேலைதான் மேடம். ஆனா த்ரீ வொர்க்கிங் டேஸ்."

"நான் தினமும் எடுக்கிற ரத்தத்தோட இவங்க ரத்தத்தையும் சேர்த்து எடுக்கலாம் போல" என்றாள் சிந்து. மாரியாயி அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பெனியின் மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி என்று ஏழு பேருக்குப் போன் செய்தாள். நான்கு மணிக்குக் கதவு திறந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் சர்வர் கிள்ளானைக் கேட்டு, இரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பதில் பெற்றது. தப்பான பதில்தான். ஆனாலும் பதில். இன்னும் அதை ஏற்றுக்கொள்ளாதே என்று நிறுத்தி வைத்துவிட்டு ரயிலேறினாள்.

வெள்ளிக்கிழமை கார்த்திகேசு அறையில் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது, மீசைக்கும் தலைக்கும் ஒரே கறுப்பில் சாயம் பூசுகிறவர். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"ஜெயராஜுக்கும் என் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் மாரி?"

"அதைத்தானே பாஸ் இவ்வளவு நேரம் சொன்னேன்."

"அந்தப் பெட்டி வந்தப்ப ரெண்டு கிளை. இப்ப நாலு. அதைச் சொன்னியா?"

"நாலு கிளைக்கும் ஓடுறது அவனை மாதிரி ஆளுங்கதான் பாஸ்."

"இப்ப மணியைப் பின்னால தள்ளினா, அது ராகு காலத்துல பொறந்ததுன்னு ஆயிடும்லா."

மூன்று நாள் எரிச்சல் அவள் நாக்கில் வந்து நின்றது. "வயசைக் குறைச்சுச் சொல்றவங்களுக்குப் பொறந்த தேதியா பாஸ் மாறிடுது? நான் இன்னிக்கு மணியைத்தான் மாத்தப் போறேன். பொறந்தது பொறந்ததுதான்."

கார்த்திகேசு மீசையைத் தடவிக்கொண்டார். சிரிக்கலாமா, கோபப்படலாமா என்று முடிவு செய்ய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தில் பாஸ்வேர்டை எழுதத் தொடங்கினார்.

"ஞாயித்துக்கிழமை பண்ணு. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதுக்குள்ள முடிச்சிடு."

"விசாரணையை நீங்களே நிறுத்திடலாமே பாஸ்."

"வாணி முறைப்படி போறா. நான் குறுக்க விழுந்தா நாளைக்கு எல்லா ரைடரும் எங்கிட்ட வந்து நிப்பான். நீ ரிப்போர்ட் எழுதிக் கொடு. ஆனா அதுல பூஜைங்கிற வார்த்தை வரக்கூடாது. அந்த டாக்டர் பேரும் வரக்கூடாது."

"அப்ப மணியை யார் மாத்தினாங்கன்னு எழுதுறது?"

அவர் காகிதத்தை மேசைமேல் அவள் பக்கம் நகர்த்தினார். "யார் கை வெச்சதோ, அவங்க பேரு."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் வெளிப்பெட்டிக்குள் நுழைந்தாள். மணியை ஒரேயடியாகப் பின்னால் தள்ள முடியாது. அப்படித் தள்ளினால் ஒன்பது மணிக்கு வந்த இரத்தத்தின் முடிவு எட்டு ஐம்பதுக்கே வந்துவிட்டதாகப் பதிவாகும், கணினி எல்லாவற்றையும் நிராகரித்துவிடும். ஓடுகிற கடிகாரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு விநாடி பின்தங்க வைத்தால் ஆறரை மணி நேரத்தில் பதின்மூன்று நிமிடமும் கரைந்துவிடும். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அது முன்னால்தான் வர வேண்டும், கடைசியில் ஒரே தாவலாகத் தாவிக்கொள்ளலாம்.

கடிகாரம் கரைகிற நேரத்தில் அவள் விசாரணைக்கான பட்டியலைத் தயார் செய்தாள். இரண்டு வருடத்தில் ஜெயராஜின் ஒவ்வொரு நடையையும் எடுத்து, கிள்ளானின் பதின்மூன்றையும், பிரிக்ஃபீல்ட்ஸ் அந்த நாளில் எவ்வளவு பின்தங்கியிருந்ததோ அதையும் கழித்து, உண்மையான நிமிடத்தைப் பக்கத்தில் எழுதினாள்.

மதியம் அவள் கணவர் பாலன் மீ கோரேங் பொட்டலத்தோடு வந்தார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர், ஞாயிறு ஓய்வு. சர்வர் அறைக் குளிருக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை ஆகும்."

"ரிப்போர்ட்ல உன் பேரையா எழுதப் போற?"

"வேற யார் பேரை எழுதுறது?"

"மெஷின் ஃபால்ட்டுன்னு எழுது. மெஷினா வந்து இல்லைன்னு சொல்லப் போகுது? சொல்லிச் செய்ய வெச்ச மனுஷன் சும்மா இருக்காரு, உனக்கு மட்டும் எதுக்கு இந்த வீண் வேலை?"

"மெஷின் ஃபால்ட்டுன்னா எவ்வளவு நிமிஷம், எந்த நாள்லேர்ந்துன்னு வாணி கேப்பா. பதின்மூணு, இந்த நாள்லேர்ந்துன்னு நான்தான் சொல்ல முடியும். எப்படித் தெரியும்னு அடுத்து கேப்பா."

பாலன் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். அவள் சாப்பிடும்போது அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதலில் சும்மா பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மாரி, இதெல்லாம் காலை எட்டு மணி நடையா?"

"ஆமா."

"மொத மாசம் ஐம்பத்தொண்ணு, ஐம்பது. சரிதான், அந்த நேரத்துல மோட்டார் லேன்ல வந்தா அவ்வளவு ஆகும். நாலு மாசம் கழிச்சு நாப்பத்தாறு. அப்புறம் நாப்பத்திரண்டு." அவர் விரல் தாளில் கீழே இறங்கியது. "முப்பத்தெட்டு. முப்பத்தாறு. பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்து கிள்ளானுக்கு முப்பத்தாறு நிமிஷமா? பீக் அவர்லயா? இவன் என்ன, சாகப் போறானா?"

மாரியாயி சாப்பிடுவதை நிறுத்தினாள். அவள் எண்களைக் கழித்துக் கழித்து எழுதியிருந்தாளே தவிர, மேலிருந்து கீழே ஒருமுறையும் படித்துப் பார்த்திருக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடிகாரம் பின்தங்கப் பின்தங்க, அவன் அந்த அறுபதுக்குள் நுழைவதற்காக மாதத்துக்கு மாதம் வேகத்தைக் கூட்டியிருக்கிறான். நுழைந்த மாதம் பச்சை. கடிகாரம் இன்னும் கொஞ்சம் பின்தங்கியதும் மறுபடி சிவப்பு. மறுபடி வேகம்.

"இங்க ஒரு வரியில சேர்ந்த நேரமே இல்லையே?" என்றார் பாலன்.

போன வருடம் மே பதினான்கு. நெடுஞ்சாலையில் பத்து தீகா என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஜெயராஜ் மோட்டாரோடு சறுக்கி விழுந்த நாள். தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தான். அவளும் வாணியும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். ஏன் தம்பி இவ்வளவு வேகம் என்று அவன் கட்டிலருகே நின்று புத்தி சொன்னதும் அவள்தான்.

பாலன் தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் பேரையே எழுதிக் கொடுத்துடு" என்றார்.

இரண்டு முப்பத்திரண்டுக்குக் கிள்ளான் கடிகாரமும் அவள் போனும் ஒரே மணியைக் காட்டின. பிரிக்ஃபீல்ட்ஸ் ஒன்பது நிமிடம் தாவி வந்து சேர்ந்துகொண்டது. நான்கு கிளைகளும் ஒன்றுக்கொன்று அரை விநாடிகூட வித்தியாசமில்லாமல் ஓடின. ஒரு வாரம் மண்டையை உடைத்த வேலை. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

திங்கள் காலை விசாரணை அறையில் மனிதவள அதிகாரி வாணியும் கணக்குப் பிரிவு மேலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராஜ் ஓரத்து நாற்காலியில் இருந்தான். மாரியாயி இரண்டு பக்க அறிக்கையையும் பட்டியலையும் கொடுத்தாள். தலைமைச் சர்வரின் மணியை இன்ன தேதியில் பதின்மூன்று நிமிடம் முன்னால் கூட்டி வைத்தது நான், பிறகு சரிசெய்யாமல் விட்டதும் நான், பிரிக்ஃபீல்ட்ஸ் சர்வரைப் புதிய அமைப்பில் சேர்க்க மறந்ததும் நான் என்று எழுதியிருந்தாள்.

வாணி படித்து முடித்தாள். "மணியை எதுக்காகக் கூட்டி வெச்சீங்க?"

மாரியாயி அவளைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் வாணி.

"வெச்சேன். தப்பு" என்றாள் மாரியாயி.

வாணி பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "சரி" என்றாள். அந்தக் கேள்விக்கு எதிரே அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஜெயராஜின் மூன்று கடிதங்களும் மதியத்துக்குள் திரும்பப் பெறப்பட்டன. மாலை நான்கு மணிக்கு மாரியாயியின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. கவனக்குறைவுக்காக முதல் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. அடியில் கார்த்திகேசுவின் கையெழுத்து, வழக்கம்போல நீளமாகக் கீழ்க்கோடு இழுத்து. அவள் அதைப் படித்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் சொன்ன முதல் கெட்ட வார்த்தை அதுதான்.

வீட்டுக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது ஜெயராஜ் கார் நிறுத்துமிடத்தில் மோட்டாரின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் பட்டியலின் பிரதி.

"அக்கா, இந்த மே பதினாலு. எட்டு பத்துக்குக் கிளம்பினேன்னு போட்டிருக்கீங்க. இது நெஜ மணியா?"

"நெஜ மணிதான். திருத்தினது."

"எட்டரைக்கு விழுந்தேன். அப்ப எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

அவளுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. "நாப்பது நிமிஷம்."

ஜெயராஜ் தாளை நாலாக மடித்தான்.

"ரோட்டுல கெடந்தேன்ல, அப்ப நான் மொதல்ல என்ன பண்ணேன் தெரியுமா? கை ஒடஞ்சிருச்சா, பெட்டி ஒடஞ்சிருச்சா, எதையும் பாக்கல. வாட்ச்ச திருப்பி மணியைத்தான் பாத்தேன். பொண்டாட்டிகிட்ட இன்னிக்கு வரைக்கும் இதைச் சொல்லல."

"மன்னிச்சிடு தம்பி."

"சரிக்கா" என்றான். கடைக்காரர் பாக்கிச் சில்லறை இல்லை என்று சொன்னால் சொல்கிற மாதிரிச் சரி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அதற்குப் பிறகு அவன் அவளுடைய அறைக்கு மேலே வரவில்லை. பெட்டியைக் கீழே கவுண்டரில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் வருகிற எண்கள்தான். முதல் நாள் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் நாற்பத்தைந்து. பழகிப்போன கை இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நாற்பத்தொன்பது வந்த அன்று அதைச் சொல்லத்தான் சிந்துவுக்குப் போன் செய்தாள், வேறு ஏதோ பேசிவிட்டு வைத்தாள்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை காலை. கூட்டரசு நெடுஞ்சாலையில் கொட்டோ கொட்டென்று மழை கொட்டியது. ஒன்பது பதினெட்டுக்குத் திரையில் ஒரு வரி சிவப்பானது. பிரிக்ஃபீல்ட்ஸ், அறுபத்தெட்டு நிமிடம். உடனே மேசைப் போன் அடித்தது.

"அக்கா, ஜெயராஜ் மறுபடி சிவப்பு. கடிகாரம் சரிதானே?" வாணியின் குரலில் எச்சரிக்கை இருந்தது.

மாரியாயி எழுந்து போனை இழுத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பு வழியாகக் கீழே பார்த்தாள். ஜெயராஜ் கவுண்டரில் பெட்டியை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மழை விடும்வரை ஏதோ ஒரு பாலத்துக்கு அடியில் மற்ற மோட்டார்காரர்களோடு நின்றுவிட்டு வந்திருக்கிறான். சட்டை காய்ந்தே இருந்தது.

"கடிகாரம் சரிதான் வாணி" என்றாள். "அவன் லேட்தான்."